மருந்தை மீறும் கிருமியும் கூட்டு ஆராய்ச்சியும்

திருமலை அடிவாரத்திலிருந்து மேற்கே சென்றால், பழைய சித்தூர் மாவட்டத்தின் மேட்டு நிலத்தில் மதனப்பள்ளி என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்திருப்பது ஆரோக்கியவரம். ஆந்திரமும் தமிழகமும் சென்னை மாகாணம் என ஒன்றாயிருந்த நாளில், 1915-ஆம் ஆண்டில், அங்கே காசநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்று கூடி நடத்தியமையால் அதற்கு ‘யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம்’ என்று பெயரிட்டனர். டென்மார்க் நாட்டினரான கிறிஸ்டியன் பிரிமோட்-மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர். தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் அந்த இடத்தை நாடிச் சென்றனர்.

அந்நாளில் அவர்கட்குக் கிடைத்த சிகிச்சை யாது? தூய காற்று, நீண்ட ஓய்வு, சத்துள்ள உணவு. இவற்றோடு சிலருக்கு நுரையீரலின் ஒரு பகுதியைச் சுருங்கச் செய்து ஓய்வு தரும் முறையும் கையாளப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அன்று ஆரோக்கியவரத்தில் மட்டுமன்று, உலகில் எங்குமே இல்லை. நோயின் போக்கு நோயாளியின் உடல் வலிமையைப் பொறுத்ததாகவே இருந்தது.

பிறகு மருந்துகள் வந்தன. கால் நூற்றாண்டுக்குள் காசநோய் குணமாகும் நோயாயிற்று. நிமோனியா, டைபாய்டு, பிரசவக் காய்ச்சல் போன்ற பல நோய்களும் அஞ்சத் தக்கவை என்னும் நிலையிலிருந்து இறங்கின. ஆனால், அம்மருந்துகளை மீறி வாழும் கிருமிகளும் உடன் தோன்றின. இத்தகைய மருந்து எதிர்ப்பு நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்று, 2022-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. மருந்து இல்லாத காலத்தை நம் பாட்டனார் கண்டனர். மருந்து இருந்தும் பயன்படாத காலத்தை நாம் காணலாகுமோ என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு சிறந்த இடம் உண்டு. அதனை எடுத்துக் கூறி, அதிலிருந்து நாம் கற்கத் தக்கது என்ன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிற துறை நண்பர்களும் படித்தறிய வேண்டும் என்பதால், அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

எதிர்ப்பு எங்கே பிறக்கிறது?

‘நிறைய மருந்து தின்றால் உடம்புக்கு மருந்து பழகிவிடும், பிறகு பிடிக்காது’ என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இங்கே மாறுவது நம் உடம்பன்று. மாறுவது கிருமிக் கூட்டமே.

கிருமி ஒன்று இரண்டாகப் பிரியும்போது தன் மரபுப் பொருளைப் படியெடுக்கிறது. கோடிக்கணக்கான முறை படியெடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்துப் பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு நன்மை இல்லை. ஆயினும் ஏதோ ஒரு பிழை, குறிப்பிட்ட மருந்து அக்கிருமியைப் பற்ற முடியாதபடி செய்துவிடுகிறது. மருந்து வருமுன்னரே அக்கிருமி கூட்டத்தில் இருக்கிறது. மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றதும் களம் அதற்கே சொந்தமாகிறது. களை எடுக்கப் புகுந்தவன் பயிரைப் பிடுங்கிக் களையை விட்டுவந்தால் வயல் என்னாகும்? அதுவே நோயாளியின் உடலிலும் நிகழ்கிறது.

இவ்வுண்மையை 1943-இல் ஓர் எளிய சோதனையால் நிறுவியவர்கள் இருவர். சால்வடோர் லூரியா மருத்துவம் பயின்ற இத்தாலியர். மாக்ஸ் டெல்பிரூக் இயற்பியல் பயின்ற ஜெர்மானியர். பாக்டீரியாக்களைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, பின்பு அவற்றைக் கொல்லும் வைரஸின் முன் விட்டனர். வைரஸைக் கண்ட பிறகே எதிர்ப்பு பிறக்குமானால், எல்லாக் குழாய்களிலும் பிழைத்தவை ஏறக்குறைய ஒரே அளவில் இருத்தல் வேண்டும். அவர்கள் கண்டதோ வேறு. பல குழாய்களில் ஒன்றும் பிழைக்கவில்லை. சிலவற்றில் ஏராளம் பிழைத்தன. ஆகவே, எதிர்ப்பு முன்னரே தற்செயலாய்த் தோன்றியிருந்தது என்று கணக்கிட்டுக் காட்டினர். சோதனைக் குழாய் ஒருவருடையது, கணக்கு மற்றவருடையது என்னும்படி இரு துறைகள் கைகோத்ததால் விளைந்த முடிவு இது. 1969-இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஒற்றை மருந்தின் தோல்வி

அதே 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து முதன்முதலாக மனிதன் கைக்கு வந்தது.

இம்மருந்தைச் சோதிக்கப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1947-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. புள்ளியியல் அறிஞர் பிராட்போர்டு ஹில் அதற்குத் திட்டம் வகுத்தார். எந்த நோயாளிக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. தற்செயல் எண்களைக் கொண்டு முன்கூட்டியே எழுதி ஒட்டிய உறைகள் முடிவு செய்தன. இதனால் ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

முடிவு 1948-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். பெரிய வெற்றி எனலாம். ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றோரில் 32 பேரும் மற்றவருள் 35 பேரும் மாண்டிருந்தனர். முதலில் தோன்றிய இடைவெளி எங்கே போயிற்று? மருந்து பெற்றோரில் பெரும்பாலோரிடம் கிருமி எதிர்ப்புடையதாக மாறிவிட்டிருந்தது. மாதக் கணக்கில் ஒரே மருந்தைத் தந்தமையால், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை மட்டும் எஞ்சவிட்டு வளர்த்ததாயிற்று.

இரு மருந்தின் கணக்கு

இதற்கு வழி ஒரு பெருக்கல் கணக்கில் இருந்தது. காசநோய் அரித்த நுரையீரல் குழி ஒன்றில் ஏறத்தாழ 10 கோடிக் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மருந்தை மீறக் கூடிய கிருமி 10 லட்சத்துக்கு ஒன்று என்பது பாடநூல்கள் தரும் தோராயக் கணக்கு. அப்படியாயின், சிகிச்சை தொடங்கும் முன்னரே அக்குழியில் அம்மருந்தை மீறும் கிருமிகள் 100 இருக்கும். காசநோய்க் கிருமி ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இரட்டிக்கும். அவ்வளவு மெல்ல வளர்ந்தாலும், ஒரு மாதத்திற்குள் அந்த நூறே குழியை நிரப்பப் போதும்.

இப்பொழுது இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருவோம். முதல் மருந்தை மீறும் பிழையும் இரண்டாவதை மீறும் பிழையும் ஒரே கிருமியில் சேர்ந்து அமைய வேண்டும். 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி. குழியில் உள்ளவையோ 10 கோடி. ஆகவே, பத்தாயிரம் நோயாளிகளில் ஒருவரிடந்தான் அப்படிப்பட்ட கிருமி ஒன்று இருக்கும் எனலாம். முதல் மருந்துக்குத் தப்பியதை இரண்டாவது கொல்லும். இரண்டாவதற்குத் தப்பியதை முதலாவது கொல்லும்.

சுவீடன் நாட்டின் யோர்கன் லேமன் கண்டறிந்த பாரா-அமினோ-சாலிசிலிக் அமிலத்தை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துத் தந்து பார்த்தனர். கணக்குச் சொன்னபடியே எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. பாஸ் என்று சுருக்கி அழைக்கப்பட்ட அந்த மருந்தைத் தொடர்ந்து, 1952-இல் ஐசோனியசிட் வந்தது. விலை குறைவு, மாத்திரையாக உண்ணலாம், ஆற்றலும் மிகுதி. ஐரோப்பாவில் காசநோய் பின்வாங்கத் தொடங்கியது.

சேத்துப்பட்டில் ஒரு கூட்டு

இந்தியாவின் நிலை வேறு. நோயாளர் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ மிகச் சில. எல்லா நோயாளர்க்கும் படுக்கை கட்டுவதென்றால் தலைமுறைகள் கழியும். வீட்டிலிருந்தே மருந்து உண்டால் போதுமா? நெருக்கமான குடிசையில், அரைவயிற்று உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு இருப்பவனுக்கு நோய் தீருமா? அவன் முறையாக மருந்து உண்ணாவிடில், நாடெங்கும் எதிர்ப்புக் கிருமியைப் பரப்பியதாகாதா? இவை அன்று எவர்க்கும் விடை தெரியாத கேள்விகள்.

விடை காண 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியவர் நால்வர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. லண்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இந்திய மருத்துவர், கிருமியியலார், புள்ளியியலார், செவிலியர், வீடு வீடாகச் செல்லும் நலப் பணியாளர் என அனைவரும் ஒரே திட்டத்தின் கீழ்ப் பணியாற்றினர்.

சென்னை நகரின் ஏழை நோயாளர் தற்செயல் முறையில் இரண்டு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கி ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. ஐசோனியசிடும் பாஸும் சேர்ந்தது. முடிவு 1959-இல் வெளிவந்தது. கணக்கில் கொள்ளப்பட்ட 163 பேரில், ஓராண்டு இறுதியில் கிருமி அடங்கியவர் வீட்டுப் பிரிவில் 100-க்கு 86. சானடோரியப் பிரிவில் 100-க்கு 92. வேறுபாடு சிறிதே. நோயாளி வீட்டில் இருந்ததனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் பின்னர் ஐந்தாண்டுக் கண்காணிப்பு காட்டியது.

இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சானடோரியங்களின் தேவை குறைந்தது. சேரியில் வாழ்பவனுக்கும் குணம் உண்டு என்பது ஏட்டளவில் மட்டுமின்றி எண்ணளவிலும் மெய்ப்பிக்கப்பட்டது.

கூட்டில் ஒவ்வொருவர் பங்கு

இவ்வாய்வை ஒரு துறை தனியே செய்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி உண்மையாகவே மருந்தை விழுங்குகிறானா என்பது முதற் சிக்கல். பாஸ் கசப்பானது, நாள்தோறும் பல வில்லைகள் விழுங்க வேண்டும், வயிற்றைக் குமட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றவுடன் மருந்தையும் நிறுத்தத் தோன்றும். ஆகவே, மையத்தார் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதியிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவடு உண்டா என்று பார்த்தனர். வேதியியலார் இன்றி இது நடவாது.

ஐசோனியசிட் ஒன்றையே தந்தால் போதாதோ என்றும் அங்கே சோதித்தனர். கூட்டு மருந்துக்கு அது ஈடாகவில்லை. அப்பொழுது ஒரு புதுமையும் தெரிந்தது. சிலருடைய உடல் ஐசோனியசிடை விரைவாகவும், சிலருடையது மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. மருந்தை மெல்லச் செயலிழக்கச் செய்பவர் அந்த ஒற்றை மருந்தால் கூடுதல் பயன் அடைந்தனர். மரபியலும் வேதியியலும் சந்திக்கும் இடம் இது.

நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகள் சென்னையிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே டி. ஏ. மிச்சிசன் அவற்றைக் கினிப் பன்றிகளில் ஆராய்ந்து, தென்னிந்தியக் கிருமிகளுள் பல, பிரிட்டனின் கிருமிகளைவிட வீரியம் குறைந்தவை என்று கண்டார். சென்னையில் வளர்த்த கிருமியை லண்டன் ஆராயவும், லண்டனில் வகுத்த முறையைச் சென்னை சோதிக்கவுமாக இரு நகரங்களும் ஒரே ஆய்வுக்கூடம்போல் இயங்கின.

மருந்தை நாள்தோறும் நோயாளி கையில் கொடுத்துவிட்டு ஐயுறுவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் வரச் செய்து கண்முன் விழுங்க வைத்தல் நன்று என்னும் எண்ணமும் அங்கே வளர்ந்தது. ஐசோனியசிடையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் அவ்வாறு தந்தபோது பலன் சற்றும் குறையவில்லை என்று 1964-இல் வெளியிட்டனர். பணியாளர் ஒருவர் கண்காணிப்பில் மருந்து உண்ணும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியதற்கு இது வித்திட்டது. அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் இயங்குகிறது.

மேற்கூறியவற்றிலிருந்து நான் கண்ட கருத்து இதுவே. ஒற்றை மருந்து தோற்றது. கூட்டு மருந்து வென்றது. ஆராய்ச்சிக்கும் அதே விதி பொருந்தும். கிருமியியலார் கண்ணுக்குத் தப்புவதைப் புள்ளியியலார் பிடிப்பர். அவர்க்கும் தப்புவதை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும் செவிலியர் அறிவர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் சொல்வது வெறும் ஒற்றுமைப் பேச்சன்று. மருந்து எதிர்ப்பைப் பொறுத்தவரை அது கணக்குக்கு ஒத்த உண்மை.

கூட்டு தளர்ந்தபோது

1960-களின் பிற்பகுதியில் ரிபாம்பிசின் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைக் கொண்டு சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க முடிந்தது. வெற்றி கைக்கெட்டியது போலிருந்தும், எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கியது. காரணம் புதிதன்று: மருந்து இடையில் நின்றுபோதல், தகாத அளவில் எழுதித் தருதல், தரமற்ற மருந்து, ஒற்றை மருந்தைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தல்.

இந்திய அரசு 2014 முதல் 2016 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், ஐசோனியசிட், ரிபாம்பிசின் இரண்டையும் மீறும் கிருமி உடையவர் புதிய நோயாளருள் 100-க்கு 2.84 பேர் என்று தெரிந்தது. முன்பு ஒருமுறை மருந்து உண்டவர்களுள் அது 11.60. நான்கு மடங்கு! முறிந்துபோன சிகிச்சையின் விலை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. அதே சமயம் மற்றொன்றையும் காண்க. அந்த 2.84 பேர் மருந்தையே உண்டறியாதவர். எவரோ ஒருவர் உடலில் வளர்ந்த எதிர்ப்புக் கிருமி காற்றின் வழியே இவர்களைச் சேர்ந்தது. ஒருவர் நிறுத்திய மருந்துக்கு மற்றொருவர் விலை கொடுக்கிறார்.

ஆறுதலான செய்திகளும் உண்டு. கிருமியை வளர்த்து எதிர்ப்பைக் காண முன்பு வாரக் கணக்கில் காத்திருந்தனர். கிருமியின் மரபுப் பொருளையே சோதித்து இரண்டு மணி நேரத்தில் ரிபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் கருவியை 2010-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. கோவாவில் உருவான ‘ட்ரூநாட்’ என்னும் சிறு கருவியை 2020-இல் ஏற்றது. மருந்தை மீறிய காசநோய்க்கு முன்பு ஊசியோடு ஒன்றரை, இரண்டு ஆண்டு சிகிச்சை தேவைப்பட்டது. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிபிளாக்சசின் என்னும் நான்கு மருந்துகளின் கூட்டு அதனை ஆறு மாதமாக்கிற்று. பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வுகளின் பயனாக 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. 2024-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. புதிய மருந்துகளுக்கும் பழைய விதியே: தனியே தந்தால் இவையும் தோற்கும்.

பெயரால் எழுந்த பூசல்

காசநோய்க்கு வெளியேயும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுதல் வேண்டும். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவைத் தம் சந்ததிக்கு மட்டுமன்றி அண்டை அயலிலுள்ள வேற்றினப் பாக்டீரியாக்களுக்கும் கொடுக்க வல்லவை. மிக உயர்ந்த மருந்துகளான கார்பாபெனம்களையும் சிதைக்கும் இத்தகைய மரபணு ஒன்றைப் பற்றி, 2010-இல் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் முதலிய நாடுகளின் ஆய்வாளர் சேர்ந்து எழுதியது அது. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையின் ஆராய்ச்சி மாணவர் ஒருவரே அதன் முதலாசிரியர்.

அம்மரபணுவுக்குப் புது தில்லியின் பெயர் சூட்டப்பட்டிருந்தமையால் நாட்டில் பெருங் கண்டனம் எழுந்தது. ஊர்ப் பெயரை நோய்க்கு இடுதல் முறையன்று என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பெயர் பற்றிய பூசல் அடங்கிய பிறகும் கிருமி அங்கேயே இருந்தது. நல்ல வேளையாக, மருத்துவச் சங்கங்கள் பல 2012-இல் சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கட்டுப்படுத்த நடைமுறைக்கு ஏற்ற திட்டம் ஒன்றை வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று அது வழங்கப்படுகிறது. மத்திய அரசு 2013-இல் அட்டவணை எச்-1 என்னும் விதியை அறிவித்து, காசநோய் மருந்துகள் உள்ளிட்ட 46 மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. கூட்டு ஆராய்ச்சிக்கு அறிவு மட்டும் போதாது, ஒருவரையொருவர் மதிக்கும் நம்பிக்கையும் வேண்டும் என்பது இதன் பாடம்.

மருந்து மனிதர்க்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. கோழிகள் விரைந்து கொழுக்கக் கோலிஸ்டின் என்னும் மருந்து தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. மற்ற மருந்தெல்லாம் தோற்றபின் மனிதனுக்குத் தரும் கடைசி மருந்துகளுள் அது ஒன்று. உணவுக்கான விலங்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை 2019-இல் இந்திய அரசு தடை செய்தது. மருத்துவரும் கால்நடை மருத்துவரும் விவசாயியும் ஒரே மேசையில் அமராமல் இப்போர் முடியாது.

நாம் செய்யத் தக்கவை

திருப்பதியைப் போன்ற ஊருக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். பல மாநிலத்தார் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து கூடும் இடம் இது. ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளுக்கும், கடைகளுக்கும், கல்லூரிகளுக்கும் எல்லை தாண்டி வரும் தமிழர் பலர். ஓர் ஊரில் சிகிச்சை தொடங்கி வேறோர் ஊருக்குப் பிழைக்கச் செல்பவனுக்குத்தான் மருந்து இடையில் நிற்கும் ஆபத்து மிகுதி. அவனுக்கு மொழியும் ஒரு சுவர். தெலுங்கில் எழுதிய அறிவிப்பை அவன் படிக்க மாட்டான், கேட்கவும் கூச்சப்படுவான். ஆகவே, நம் மன்றத்தினர்க்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, விடுதியில் நமக்குள் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். அவற்றின்மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேலை செய்யாது. அறைத் தோழர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கி விழுங்குதலும், மருந்துக் கடையில் நோயைச் சொல்லி நான்கு மாத்திரை வாங்குதலும் கூடா. மருத்துவர் ஐந்து நாள் எழுதித் தந்தால் அவரைக் கேளாமல் இரண்டு நாளில் நிறுத்துதலும் கூடாது.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் விவரம் ‘நிக்ஷய்’ என்னும் தேசியப் பதிவில் ஏறுகிறது. விடுமுறைக்கு வேலூருக்கோ சேலத்துக்கோ சென்றாலும் அந்தப் பதிவு எண்ணைக் காட்டி அங்கே மருந்தைத் தொடரலாம். உணவுக்கென மாதம் 500 ரூபாயாக 2018-இல் தொடங்கிய உதவித் தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாயிற்று. இதனை அறியாமல் வேலை போய்விடுமென்று நோயை மறைப்பவர் உண்டு. அவர்களிடம் தமிழில் ஒரு சொல் எடுத்துச் சொல்ல நம்மால் இயலும்.

மூன்றாவது, இலக்கிய மாணவ நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது என்பதை எளிய தமிழில், ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். மருத்துவம் அறிந்தவர் பிழை திருத்தட்டும். தெலுங்கு நண்பர்களுடன் சேர்ந்து இரு மொழியிலும் அச்சிடுவோம். இதுவும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே. மருந்து விழுங்கப்பட்டால்தான் ஆய்வுக்கூடத்தின் உழைப்பு பயன் தரும்.

நான்காவது, இவ்வூரில் அறிவியலும் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் பொறியியலும் தனித்தனி வளாகங்களில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் மாணவர் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது. மாதம் ஒருமுறை கூடும் ஒரு படிப்பு வட்டம் அமைப்போம். நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர், புள்ளியியல் மாணவர் ஒருவர், கால்நடை மருத்துவ மாணவர் ஒருவர், சமூகவியல் மாணவர் ஒருவர் என நால்வர் போதும். ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அவரவர் துறை நின்று குறை நிறைகளைச் சொல்வோம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. பிறர் துறையின் மொழியைக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

பெரிய கூட்டு ஆராய்ச்சிகள் அரசுகளின் கையெழுத்தால் மட்டும் பிறப்பதில்லை. வேறு துறையானிடம் வினவ வெட்கப்படாத மாணவர்கள் நாளை ஆய்வாளராகும்போது அவை தாமே பிறக்கும். சேர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் தம் பெயரையும் துறையையும் எழுதித் தருக. முதற் கூட்டத்துக்கு 1959-ஆம் ஆண்டின் சென்னை ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம். அதனைப் படிக்க மருத்துவர் ஆகவேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.